ஒன்பது இலக்கம், பன்னிரண்டு இலக்கம்: கோலின் பெருக்கலைக் கையால் போட்டுப் பார்த்த பதிவு

இந்தப் பதிவு ஒரே ஒரு பெருக்கலைப் பற்றியது. 193 707 721 என்ற எண்ணை 761 838 257 287 என்ற எண்ணால் பெருக்கினால் 147 573 952 589 676 412 927 வரும் என்பது கணித வரலாற்றில் பதிவான செய்தி. அதைப் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் மட்டும் வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். முதலில் பள்ளியில் படித்த வழக்கமான முறையில் போட்டேன். பிறகு எண்களை மும்மூன்று இலக்கமாக வெட்டி, அந்த முறையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இன்னொரு முறை போட்டேன்.

ஏன் இந்த எண்? மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2ஐ அதனாலேயே பல முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் எப்போதெல்லாம் பகா எண் கிடைக்கும் என்ற அந்தப் பட்டியலில் 67 இருந்தது. அதாவது 2⁶⁷ − 1 ஒரு பகா எண் என்றார். 1876இல் எதுவார் லூக்கா அது பகா எண் இல்லை என்று நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவருடைய முறையால் சொல்ல முடியவில்லை. காரணிகளைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் பேச எழுந்து, பேசாமலேயே கரும்பலகைக்குப் போனார் என்றும், ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐக் கணக்கிட்டு, மறுபக்கம் மேலே சொன்ன இரண்டு எண்களையும் முழுமையாகப் பெருக்கிக் காட்டிவிட்டு, வாய் திறக்காமல் இருக்கைக்குத் திரும்பினார் என்றும் சொல்கிறார்கள். அவையினர் கைதட்டினார்களாம். எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் எல்லாம் கைதட்டலோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பெருக்கல்தான் வேண்டியிருந்தது. பலகையில் எந்த எண்ணை மேலே எழுதியிருப்பார்? எத்தனை வரி வந்திருக்கும்? எந்த இடத்தில் கை தயங்கியிருக்கும்? எண்களைத் தாளில் போட்டால்தான் இதற்கெல்லாம் விடை தெரியும்.

முதலில் இடப்பக்கம், அதாவது 2⁶⁷ − 1. அறுபத்தேழு முறை இரட்டிப்பதில் எந்தக் கடினமும் இல்லை, ஆனால் ஓர் இடத்தில் சறுக்கினால் அது கடைசி வரை உடன் வரும். அதனால் வர்க்கம் எடுத்துப் போவதே நல்லது. 2¹⁶ என்பது 65 536. அதன் வர்க்கம் 2³², அதாவது 4 294 967 296. அதன் வர்க்கம் 2⁶⁴. இதை மும்மூன்று இலக்கக் கூறுகளாகப் பிரித்துப் போட்டால் 18 446 744 073 709 551 616 வரும். சதுரங்கப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களில் தானியத்தை இரட்டித்து வைக்கும் பழைய கணக்கின் விடையைவிட இது ஒன்று கூடுதல். நடுவில் இருக்கும் 073 என்ற கூறைக் கவனியுங்கள். கூறு கூறாக எழுதும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 73 என்று எழுதினால் அதற்கு இடப்பக்கம் உள்ள எல்லாம் ஓர் இடம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு கூறுக்கும் மூன்று கட்டம் என்று நோட்டில் முன்பே கோடு போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை. இனி 8ஆல் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147 573 952 589 676 412 927. இலக்கு கிடைத்துவிட்டது.

இலட்சம், கோடி என்று காற்புள்ளி இடும் நம் பழக்கத்தை இந்த வேலைக்கு ஒதுக்கிவைத்து, மும்மூன்றாகவே பிரித்தேன். அதற்கான காரணம் சரிபார்க்கும் இடத்தில் தெரியும்.

இப்போது வலப்பக்கம். பெரிய பெருக்கலில் பென்சிலைத் தொடுமுன் எண்களைக் கண்ணால் படிக்க வேண்டும். இங்கே எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது? பன்னிரண்டு இலக்க எண்ணைக் கீழே வைத்தால் பன்னிரண்டு வரி. ஒன்பது இலக்க எண்ணைக் கீழே வைத்தால் ஒன்பது வரி. அதில் ஒரு பூஜ்யம் இருப்பதால் எட்டே வரி. அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. 193707721இன் இலக்கங்களைப் பாருங்கள்: 1, 2, 3, 7, 9, 0. அவ்வளவுதான். 7 மட்டும் மூன்று முறை வருகிறது. அப்படியானால் 761838257287இன் 2, 3, 7, 9 மடங்குகள் போதும். நான்கு பெருக்கல் போட்டால் எட்டு வரியும் கையில் வந்துவிடும்.

இருந்தாலும் நான் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா மடங்குகளையும் எழுதினேன். பெருக்கி எழுதவில்லை, கூட்டி எழுதினேன். ஒவ்வொரு மடங்கோடும் மூல எண்ணைக் கூட்டினால் அடுத்த மடங்கு. வாய்ப்பாட்டைவிடக் கூட்டலில் பிசகு குறைவு. தவிர, ஒன்பதாவது மடங்கோடு இன்னொரு முறை கூட்டினால் பத்தாவது மடங்கு வரும். அது மூல எண்ணின் வால் பக்கம் ஒரு பூஜ்யம் சேர்ந்ததாக இருந்தே ஆக வேண்டும். 6856544315583 உடன் 761838257287ஐக் கூட்டினால் 7618382572870. வந்துவிட்டது. பத்தாவது சரியாக வந்தால் இடையிலுள்ள எல்லாவற்றையும் தைரியமாகப் பயன்படுத்தலாம். தேவைப்பட்ட நான்கும் இவை: இரு மடங்கு 1523676514574, மும்மடங்கு 2285514771861, ஏழு மடங்கு 5332867801009, ஒன்பது மடங்கு 6856544315583.

பிறகு வரிகளை அடுக்கினேன்:

761838257287
15236765145740
533286780100900
5332867801009000
533286780100900000
2285514771861000000
68565443155830000000
76183825728700000000

நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் ஓர் இடம் அல்ல, இரண்டு இடம் தாண்டுகிறது. கீழ் எண்ணின் பூஜ்யம் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கணக்கில் மிக ஆபத்தான இடம் இதுவே. அதற்கு மேலும் கீழும் ஒரே 5332867801009 வருவதால் கண் எளிதில் ஏமாந்துபோகும். பள்ளியில் காலி இடங்களில் பெருக்கல் குறி போட்டு நிரப்பும் வழக்கம் உண்டு. எட்டு வரி அடுக்கும்போது பூஜ்யமே போடுவது பாதுகாப்பானது, எண்ணிப் பார்க்க முடியும். கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்ற ஒழுங்கு இங்கே உயிர்நாடி. கோடு மட்டும் உள்ள தாளில் இதைச் செய்யவே கூடாது என்பேன்.

கூட்டலில் மொத்தம் இருபது நிரல்கள். வலமிருந்து முதல் எட்டு நிரல்கள் இலேசானவை. ஒன்பதாவது நிரலில்தான் எட்டு வரிகளும் முதன்முறையாக ஒன்றாக நிற்கின்றன: 8, 7, 7, 8, 1, 8, 8, 7. கூட்டினால் 54. முந்தைய நிரலிலிருந்து வந்த 2ஐச் சேர்த்தால் 56. 6 எழுதி மீதி 5. முழுக் கணக்கிலும் பெரிய மீதி இதுதான். பன்னிரண்டாவது நிரல் வரை இந்தக் கூட்டம் தொடர்கிறது, பிறகு மெல்ல மெல்ல வரிகள் விலகி, கடைசி நிரல்களில் இரண்டு மூன்று இலக்கங்களே மிஞ்சும். நடுவிலுள்ள இந்த நான்கு நிரல்களை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் கூட்டினேன். ஒரே வரிசையில் மறுபடி கூட்டினால் மனம் முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லும். திசையை மாற்றினால் உண்மையாகவே புதிதாகக் கூட்ட வேண்டியிருக்கும். மீதிகளை மனத்தில் வைக்காமல், அடுக்குக்கு மேலே தனி வரியில் சிறிய எழுத்தில் குறித்துவைத்தேன்.

விடை இலக்கம் இலக்கமாக வெளிவந்தது: 7, 2, 9, 2, 1, 4... இடப்பக்கம் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த எண்ணோடு ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே போவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. இரண்டு முற்றிலும் வேறான வழிகளில் வந்த இருபத்தோரு இலக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது. அந்தப் பலகைக்கு முன்னால் இருந்தவர்கள் ஏன் கைதட்டினார்கள் என்பது இந்தக் கட்டத்தில்தான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

எல்லாப் பெருக்கலுக்கும் இப்படி ஒரு இடப்பக்கம் கிடைக்காது. விடை தெரியாத பெருக்கலை எப்படி நம்புவது? பெரிய எண்களோடு வேலை செய்ய விரும்பும் எவரும் பெருக்கும் முறைக்கு இணையாகச் சரிபார்க்கும் முறையையும் கற்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பலருக்கும் தெரிந்தது ஒன்பதை நீக்கும் சோதனை. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் எண்ணின் இலக்கங்கள் கூடினால் 37, அது 10, அது 1. இரண்டாவது எண் 64, அது 10, அது 1. விடை 109, அது 10, அது 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. சரி. ஆனால் இந்தச் சோதனைக்கு இடம் என்பதே தெரியாது. 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், ஓர் இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். நடுப் பூஜ்யத்தை மறந்து 19377721ஆல் பெருக்கியிருந்தாலும் இந்தச் சோதனை சரி என்றே சொல்லும்.

11இன் சோதனை அங்கே கைகொடுக்கும். வலமிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டியும் கழித்தும் போனால் முதல் எண்ணுக்கு −13, அதாவது 11ஆல் வகுத்தால் மீதி 9. இரண்டாவதற்கு 8. ஒன்பதெட்டு 72, மீதி 6. விடைக்கு 17, மீதி 6. பொருந்துகிறது. பூஜ்யத்தை விட்டிருந்தால் 6 வர வேண்டிய இடத்தில் 0 வந்து உடனே காட்டிக்கொடுத்திருக்கும்.

இவ்வளவு பெரிய எண்ணுக்கு இவை இரண்டும் போதா என்பது என் கருத்து. தவறான விடை ஒன்று 9இன் சோதனையிலும் 11இன் சோதனையிலும் தப்பிக்க 99இன் மடங்காகப் பிசகினால் போதும். ஒரு வரி இரண்டு இடம் தள்ளி நின்றால் பிசகு சரியாக அப்படித்தான் இருக்கும். அதனால் 999ஐயும் 1001ஐயும் எடுத்துக்கொண்டேன். மும்மூன்றாகப் பிரித்து வைத்ததன் பயன் இதுதான். 1000ஐ 999ஆல் வகுத்தால் மீதி 1, எனவே கூறுகளைச் சும்மா கூட்டினால் போதும். 193, 707, 721 கூடினால் 1621, அதிலிருந்து 999 போனால் 622. 761, 838, 257, 287 கூடினால் 2143, மீதி 145. 622ஐ 145ஆல் பெருக்கினால் 90 190. 90ஐயும் 190ஐயும் கூட்டினால் 280. விடையின் ஏழு கூறுகள் கூடினால் 4276, அது 4 + 276, அதுவும் 280.

1001க்குக் கூறுகளை மாற்றி மாற்றிக் கழிக்க வேண்டும். 721 − 707 + 193 = 207. 287 − 257 + 838 − 761 = 107. இரண்டின் பெருக்கற்பலன் 22 149, அதாவது 149 − 22 = 127. விடையின் கூறுகளை அதேபோல வலமிருந்து கூட்டிக் கழித்தால் 1128, மீதி 127. 999க்கும் 1001க்கும் பொதுக் காரணி இல்லை. எனவே இரண்டு சோதனையிலும் தேறிய விடை தவறாக இருக்க வேண்டுமென்றால் பிசகு 999 999இன் மடங்காக இருந்தாக வேண்டும். சில நிமிட வேலைக்கு இவ்வளவு பெரிய வலை.

அடுத்ததாக இரண்டாம் வழி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. ஒரு எண் 193 | 707 | 721, மற்றது 761 | 838 | 257 | 287. ஒவ்வொரு கூறையும் ஓர் ‘இலக்கம்’ போல வைத்துக்கொண்டு பெருக்கினால் பன்னிரண்டு பெருக்கல்கள்தான், எல்லாம் மூன்று இலக்கத்தை மூன்று இலக்கத்தால். பன்னிரண்டையும் வாய்ப்பாட்டால் போடலாம். ஆனால் கூறுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். 707 என்பது 700 + 7. 193 என்பது 200 − 7. 721 என்பது 7 × 103. மூன்றுக்குள்ளும் 7 ஒளிந்திருக்கிறது!

அப்படியானால் மற்ற எண்ணின் நான்கு கூறுகளையும் 7ஆல் பெருக்கி வைத்துக்கொண்டால் போதும்: 287க்கு 2009, 257க்கு 1799, 838க்கு 5866, 761க்கு 5327. இனி எல்லாம் இவற்றிலிருந்து பிறக்கும். 707 × 287 வேண்டுமா, 200 900 + 2009 = 202 909. 193 × 287 வேண்டுமா, 57 400 − 2009 = 55 391. 721 × 287 வேண்டுமா, 200 900 + 6027 = 206 927. பன்னிரண்டு பெருக்கல்களும் இப்படியே கூட்டல் கழித்தலாகக் கரைந்துவிட்டன.

பாஸ்கரர் லீலாவதியில் 135ஐ 12ஆல் பெருக்கும் எளிய கணக்கை எடுத்துக்கொண்டு, 12ஐ 8 + 4 என்றும், 3 × 4 என்றும், 10 + 2 என்றும், 20 − 8 என்றும் பிரித்துக் காட்டுகிறார். 12ஆம் நூற்றாண்டு நூல் அது. இவ்வளவு சிறிய பெருக்கலுக்கு இத்தனை வழிகள் எதற்கு என்று படிக்கும்போது தோன்றலாம். 193ஐ 200 − 7 என்றும் 721ஐ 7 × 103 என்றும் உடைத்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

கூறுகளைச் சேர்ப்பது குறுக்குப் பெருக்கல் முறையில். கடைசிக் கூறு 721 × 287 = 206 927, எனவே 927 எழுதி மீதி 206. அடுத்து 721 × 257, 707 × 287 இரண்டையும் கூட்டி, மீதியையும் சேர்த்தால் 388 412. 412 எழுதி மீதி 388. அடுத்த இடத்தில் மூன்று பெருக்கல்களின் கூட்டலோடு மீதி சேர்ந்து 841 676. அதற்கடுத்து 1 191 589. இங்கே மீதி நான்கு இலக்கமாக 1191 ஆகிறது, பயப்பட வேண்டாம், அப்படியே கொண்டுபோகலாம். பிறகு 700 952. முடிவில் 193 × 761 = 146 873, மீதி 700 சேர்ந்து 147 573. எழுதிய கூறுகளை இடமிருந்து படித்தால் 147 573 952 589 676 412 927. வழக்கமான முறைக்கு ஒரு முழுப் பக்கம் பிடித்தது, இதற்கு அரைப் பக்கம் போதுமாக இருந்தது.

வேறு சிலவற்றையும் தொட்டுப் பார்த்தேன். மூலைவிட்டக் கட்ட முறை, 1478இல் இத்தாலியின் திரெவீசோவில் அச்சான கணக்கு நூலிலேயே இருப்பது, மீதியைப் பெருக்கும்போது சுமக்க வேண்டாம் என்ற ஒரு நன்மையைத் தருகிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு 9 × 12 = 108 கட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றிலும் மூலைவிட்டக் கோடு இழுக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சிறிய எண்களில் கற்பிக்க அருமையான முறை, பெரிய எண்ணுக்கு அல்ல. ஜான் நேப்பியர் 1617இல் வெளியிட்ட எண் குச்சிகள் வேறு வகை, ஒவ்வொரு குச்சியிலும் ஓர் இலக்கத்தின் வாய்ப்பாடு எழுதியிருக்கும். அட்டையில் வெட்டிச் செய்துகொண்டேன். 761838257287க்கு 7இன் குச்சி மூன்று, 8இன் குச்சி மூன்று, 2இன் குச்சி இரண்டு, 6, 1, 3, 5 ஒவ்வொன்று. வரிசையாக அடுக்கிவிட்டால் ஏழு மடங்கை அப்படியே படித்து எழுதலாம். மடங்குப் பட்டியலுக்கு நல்ல மாற்று.

1960இல் மாஸ்கோவில் மாணவராக இருந்த அனத்தோலி கரத்சூபா கண்டுபிடித்த முறை கணினிகளுக்குப் பெரும் பேறு. பெருக்கலுக்கு இலக்க எண்ணிக்கையின் வர்க்க அளவு வேலை தவிர்க்க முடியாதது என்று ரஷ்யக் கணித அறிஞர் கோல்மகோரவ் எண்ணியிருந்தார். அது அப்படியில்லை என்று அவருடைய கருத்தரங்குக்கு வந்துகொண்டிருந்த இந்த இளைஞர் காட்டிவிட்டார். நம் கணக்கிலேயே ஓர் இடத்தில் அதைப் போடலாம். 721 × 257, 707 × 287 இரண்டையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதற்குப் பதில், 721ஐயும் 707ஐயும் கூட்டி 1428, 287ஐயும் 257ஐயும் கூட்டி 544, இரண்டையும் பெருக்கி 776 832. அதிலிருந்து வேறு இடங்களுக்காக ஏற்கெனவே போட்ட 721 × 287, 707 × 257 இரண்டையும் கழித்தால் 388 206. ஒரு பெருக்கல் மிச்சம். ஆனால் கூறு நான்கு இலக்கமாகப் பெருத்துவிடுகிறது, பெரிய கழித்தல்கள் வருகின்றன. கையால் போடுபவருக்கு இந்த அளவில் லாபமில்லை.

இதைப் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு இதைவிடச் சற்றுச் சிறிய, இதே குடும்பத்து எண் ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஃபோர்ச்சூனே லாந்ரி 2⁵⁹ − 1ஐ 179 951 × 3 203 431 780 337 என்று உடைத்தார். இதில் பத்துக் கூறுப் பெருக்கல்களே உண்டு. 951ஐ 1000 − 49 என்றும், 179ஐ 180 − 1 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். 780ஐப் பெருக்கும்போது வால் பூஜ்யத்தில் கவனம் தேவை. விடை பதினெட்டு இலக்கத்தில், சரியாக ஆறு கூறுகளாக வரும். அவற்றைக் கூட்டி 999 சோதனை போட்டால் 4 மீதி வர வேண்டும், மாற்றிக் கழித்து 1001 சோதனை போட்டால் 500.